வன்னியில் பழைய காணி உறுதியை வைத்துப் பூட்டனுக்கு முந்திய தலைமுறைகளைத் தேடுவது எப்படி?

கணுக்கேணிப் பேரன் கேட்டது:

முள்ளியவளைப் பக்கத்து வயல் ஒன்றின் 1931ஆம் ஆண்டு உறுதி எங்களிடம் இருக்கிறது. அப்பப்பாவின் தகப்பன், அதாவது என் பூட்டன், தன் பங்கை விற்ற உறுதி. "முதுசமாக எனக்குச் சொந்தமான 24 பரப்பு நெல் விதைப்பில் பிரிபடாத 1/12 பங்கு" என்று அதில் எழுதியிருக்கிறது (முதுசம் என்றால் வழிவழியாக வந்த சொத்து). பூட்டனின் தகப்பன் பெயர் தெரியும். அதற்கு மேலே யாரையும் தெரியாது. குடும்பத்துப் பிறப்புப் பத்திரங்கள் இடம்பெயர்வில் போய்விட்டன. ஓலையில் எழுதிய துண்டு ஒன்றும் இருக்கிறது, அதில் "விக்கிரம வருஷம்" என்பதை மட்டும் வாசிக்க முடிகிறது. "ஒல்லாந்தர் தோம்பைப் பார், 1700கள் வரை போகலாம்" என்கிறார் யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர். எங்கே தொடங்குவது, எந்தக் கந்தோருக்குப் போவது, எவ்வளவு தூரம் பின்னே போகலாம்?

பழைய உறுதி எழுதியது:

தம்பி, ஆளின் பெயரைத் தூக்கிக்கொண்டு தேடப் போகாதீர்கள். காணியைத் தேடுங்கள். வன்னியில் ஆட்களின் பெயர் எழுத்துக்கு எழுத்து மாறும். குளமும் அதன் கீழுள்ள வயலும் பெரும்பாலும் அதே பெயரில்தான் நிற்கும்.

முதலில் அந்த 1931 உறுதியின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்துக்குப் பின்னர் எழுதப்பட்ட உறுதி என்பதால் மேலே "முன்பதிவு" என்று ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்க வேண்டும். எழுத்து பதிவுப் பிரிவு, முதல் எண் தொகுதி, இரண்டாவது எண் போலியோ, அதாவது அந்தத் தொகுதியின் பக்கம். பின்பக்கத்தில் அல்லது ஓரத்தில் பதிவாளரின் முத்திரையோடு இன்னொரு எண் கிடக்கும். அது இந்த உறுதியே பதியப்பட்ட இடம். இரண்டும் ஒன்றென்றால் வேலை சுகம். வேறென்றால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காணிப் பதிவகத்தில் அந்தப் போலியோவின் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இதையும் சனம் தோம்பு என்றுதான் சொல்லும், ஒல்லாந்தர் தோம்பு வேறு. ஒவ்வொரு வரியிலும் கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் தன்மை, இலக்கம், திகதி, உறுதியை எழுதி முடித்த சட்ட அலுவலரான நொத்தாரிசின் பெயர் என்று வரிசையாக இருக்கும். போலியோ நிறைந்துவிட்டால் வேறு தொகுதிக்குக் கொண்டு போவார்கள். ஆகவே தலைப்பில் "இன்ன தொகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டது" என்றிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் "இதற்கு மேலே இல்லை" என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம். ஒன்றிலிருந்து ஒன்றுக்காகப் பின்னே போனால், இலங்கையில் காணிப் பதிவு தொடங்கிய 1863ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்ட காலத்தை நெருங்கலாம்.

எந்தப் பதிவகம் என்பதில் கவனம் வேண்டும். இன்றைய மாவட்ட எல்லையை வைத்துப் போனால் அலைச்சல்தான். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் இறுதியில். நுவரகலாவிய 1873 வரை வட மாகாணத்தோடு இருந்தது, அந்த ஆண்டில்தான் வட மத்திய மாகாணம் பிரிந்தது. ஆகவே நெடுங்கேணிக்குத் தெற்கே எல்லையோரக் கிராமக் காணி என்றால் அநுராதபுரக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) ஆவணங்களும் யாழ்ப்பாணக் கச்சேரி ஆவணங்களும் இரண்டும் பார்க்க வேண்டிவரும். உங்கள் காணிக்கு முல்லைத்தீவில் தொடங்குங்கள். அங்கே இல்லாதது வவுனியாவிலா யாழ்ப்பாணத்திலா என்று எழுத்தில் கேளுங்கள். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூலில் அன்றைய பற்றுகளின், அதாவது பழைய நிர்வாகப் பிரிவுகளின், விபரம் இருக்கிறது. கரிக்கட்டுமூலை, மேற்பற்று, கிழக்குமூலை, பனங்காமம் என்று உறுதியில் வரும் பற்றுப் பெயர் இன்று எந்தப் பிரதேச செயலகத்துக்குள் விழுகிறது என்று அறிய அது உதவும்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு வழி. உறுதியைப் பதிவது கட்டாயமாக இருக்கவில்லை. பதியாவிட்டாலும் உறுதி செல்லும், முந்துரிமைதான் போகும். அதனால் சகோதரருக்குள் நடந்த நன்கொடை, சீதன உறுதி பலவும் தோம்பில் ஏறவே இல்லை. ஆனால் நொத்தாரிசு சட்டப்படி, ஒரு நொத்தாரிசு தான் முடித்த ஒவ்வொரு உறுதியின் இரட்டைப் பிரதியையும் மாதப் பட்டியலோடு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அது பதிவைச் சாராத தனிக் கடமை. உங்கள் 1931 உறுதியை முடித்த நொத்தாரிசின் பெயரை எடுத்து, அவருடைய மற்ற உறுதிகளின் மாதப் பட்டியலைப் பாருங்கள். ஒரு குடும்பம் பெரும்பாலும் ஒரே நொத்தாரிசிடம்தான் போகும். தோம்பில் இல்லாத பூட்டியின் சீதன உறுதி அங்கே கிடைக்கக்கூடும்.

மருதோடை எழுதியது:

ஒல்லாந்தர் தோம்பு பற்றி ஒரு சொல். உறவினர் சொல்வது குடாநாட்டுக்குச் சரி, வன்னிக்குப் பொருந்தாது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். குடாநாட்டில் ஊர் ஊராக ஆளையும் காணியையும் எழுதித் தோம்பு வைத்தார்கள். அடங்காப்பற்று எனப்பட்ட வன்னி, வன்னியர் என்ற சிற்றரசர்களின் கையில் இருந்தது. அவர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுத்தார்கள், குடியானவர்களின் பெயரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1780களில்தான் ஒல்லாந்தர் வன்னியை நேரே ஆளத் தொடங்கினார்கள். 1795இல் யாழ்ப்பாணமே பிரித்தானியர் கையில் போய்விட்டது. அந்தச் சிறு இடைவெளியில் வன்னியை நிர்வகித்த தோமஸ் நாகல் 1793இல் எழுதிய அறிக்கை உண்டு. நாட்டின் நிலை அதில் தெரியும், உங்கள் குடும்பம் தெரியாது. அதன் பின்னும் 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் கற்சிலைமடுவில் தோற்றதும் என்று நாடு குழம்பித்தான் கிடந்தது.

ஆகவே ஒல்லாந்தர் தோம்பு உங்களுக்கு உதவுவது ஒரு நிலையில் மட்டும்: குடும்பம் குடாநாட்டிலிருந்து வந்தது என்றும், எந்த ஊரிலிருந்து என்றும் வேறொரு எழுத்தாதாரத்தில் நிறுவியிருக்க வேண்டும். ஊர்ப் பெயர் இல்லாமல் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போய்த் தோம்பைத் திறந்தால் ஒரே பெயரில் நூறு பேர் நிற்பார்கள். ஒல்லாந்து எழுத்துக்கூட்டலில் சிதம்பரப்பிள்ளை "சிடெம்பரபுள்ளே" போலக் கிடப்பார், அதையும் பழக வேண்டும்.

முன்னோர் காணியில்லாத அடிமை, குடிமை மக்களாக இருந்தால் காணி ஆவணம் அவர்களைப் பற்றிப் பேசாது. 1844இல் அடிமைமுறை ஒழிக்கப்பட முன்னர் பிரித்தானியர் எடுத்த அடிமைப் பதிவேடுகளில் எசமானின் பெயரின் கீழே அவர்களின் பெயர் இருக்கக்கூடும். அதைத் தேடுவதில் வெட்கம் எதற்கு? பல குடும்பங்களுக்கு முன்னோரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவதே அங்கேதான்.

ஓலைச்சுவடி எழுதியது:

ஓலைத் துண்டைப் பற்றி. அறுபது வருஷச் சுற்றில் விக்கிரம 14ஆவது. அது 1820-21ஆக இருக்கலாம், 1880-81ஆகவும் இருக்கலாம். பிரித்துக் காண வழி உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடக்க வேண்டும் என்றது. ஓலையில் நொத்தாரிசு இலக்கம் இருந்தால் 1880-81 பக்கம் சாயலாம். விதானை, உடையார் என்ற ஊர்த் தலைமைக்காரரின் கையெழுத்து மட்டும் என்றால் 1820-21 பக்கம் சாய்வேன். ஆனால் அது முடிவல்ல, வீட்டுக் கணக்கு ஓலையாகவும் இருக்கலாம்.

வாசிக்கும்போது: மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. 'ர'வும் துணைக்காலும் ஒரே கோடாக நிற்கும். "கநதா" என்று தெரிவது "கந்தர்" ஆக இருக்கும். எண்கள் தமிழ் எண்கள், ௰ பத்து, ௱ நூறு. பங்கு பின்னங்கள் சொல்லாகவே வரும்: மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, முந்திரி 1/320. "காணி" என்று கண்டவுடன் நிலம் என்று எடுத்துவிடாதீர்கள், அது பங்காகவும் இருக்கும்.

ஓலையைத் தண்ணீரால் துடைக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்துப் படமெடுங்கள். மை மங்கியிருந்தாலும் எழுத்தாணிக் கீறல் நிழலில் தெரியும்.

கணுக்கேணிப் பேரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தோம்பு எடுத்துவிட்டோம். பின்னே போய் 1889இல் நின்றுவிட்டது. முதல் வரியே "உரித்துப் பிரகடன உறுதி, நீண்டகால ஆட்சி" என்றிருக்கிறது. அதற்கு மேலே "கொண்டுவரப்பட்டது" எதுவும் இல்லை. அந்த 1/12ஐ வைத்தும் ஏதாவது செய்யலாமா?

பழைய உறுதி எழுதியது:

செய்யலாம், பங்குதான் உங்களிடம் உள்ள நல்ல சாட்சி.

1/12 என்பது பல வழியாக வரும்: மூன்றில் ஒன்றின் நாலில் ஒன்று, நாலில் ஒன்றின் மூன்றில் ஒன்று, அரையின் ஆறில் ஒன்று. எது என்று அறிய அதே தோம்பிலுள்ள மற்ற வரிகளை எல்லாம் ஒரு தாளில் பின்னத்தோடு எழுதுங்கள். பூட்டனின் தகப்பன் பெயரையே தகப்பன் பெயராகக் கொண்ட வேறு இருவர் 1/12, 1/12 விற்றிருந்தால் அவர்கள் மூன்று பேரும் சகோதரர், தகப்பனுக்கு 1/4 இருந்திருக்கிறது. பிறகு 1/4 உள்ளவர்கள் நாலு பேர் தெரிந்தால் அதற்கு மேல் தலைமுறையில் நாலு பிள்ளைகள். எல்லாப் பங்கும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். குறைந்தால் பதியாத உறுதி எங்கேயோ இருக்கிறது. ஒன்றுக்கு மேல் போனால் யாரோ ஒருவர் தன்னிடம் இல்லாததை விற்றிருக்கிறார், அல்லது இரண்டு காணியை ஒரே பெயரில் கலந்துவிட்டீர்கள்.

அரைப் பங்கு வந்தால் அவசரப்பட்டு இரண்டு பிள்ளைகள் என்று எழுதாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில், மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு. விதவையின் பாதியும் பிள்ளைகளின் பாதியும் அப்படியே 1/2ஆகத் தெரியும். அந்த உறுதியில் முதுசம் என்றிருக்கிறதா, தேடியதேட்டம் என்றிருக்கிறதா, சீதனம் என்றிருக்கிறதா என்பதுதான் தீர்க்கும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டத்துக்கு முந்திய பழைய வழமைப்படி தகப்பன் வழி முதுசம் ஆண் பிள்ளைகளுக்கு, தாய் வழிச் சீதனம் பெண் பிள்ளைகளுக்கு. சீதனம் வாங்கிப் போன மகள் மிச்சத்தில் பங்கு கேட்பதில்லை. ஆகவே 1/3 என்றால் மூன்று பிள்ளைகள் என்று எழுத வேண்டாம், பங்கு எடுத்த மூன்று பேர் என்று எழுதுங்கள். பெண் பிள்ளைகள் வேறு காணியின் சீதன உறுதியில் இருப்பார்கள்.

அளவை ஒருமுறை சரி பாருங்கள். நெல் விதைப்பு 24 பரப்பு ஓர் ஏக்கர். வரகு விதைப்பு என்றால் 16 பரப்புக்கே ஓர் ஏக்கர் வந்துவிடும். உங்கள் 24 பரப்பு சரியாக ஓர் ஏக்கர், அதில் 1/12 என்றால் 2 பரப்பு. பழைய வன்னி உறுதிகளில் "இத்தனை புசல் விதைப்பு" என்றும் வரும். நெல்லையும் வரகையும் மாறி எடுத்தால் ஒரே காணி இரண்டு காணியாகத் தெரியும், வரைபடத்தோடும் ஒத்துவராது.

எல்லைகளையும் விடாதீர்கள். "வடக்கு இன்னாரின் காணி, கிழக்கு இன்னாரின் பெண்சாதியின் காணி, தெற்கு வாய்க்கால்." முதுசக் காணி பிரிந்து நிற்கும்போது எல்லைக்காரர் அநேகம் பங்காளிகள்தான். நாலு எல்லைக்காரரின் காணிகளுக்கும் தோம்பு எடுங்கள். உங்களுடையது 1889இல் நின்றாலும் பக்கத்து வயலின் தோம்பு 1870களுக்குப் போகலாம், அங்கே உங்கள் கொப்பாட்டன் எல்லைக்காரராக நிற்பார்.

பெயரில் ஒரு பொறி. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பார்கள். கந்தர் வேலர், வேலர் கந்தர், மறுபடி கந்தர் வேலர் என்று சுழலும். 1860இல் வாங்கிய கந்தர் வேலரும் 1920இல் விற்ற கந்தர் வேலரும் ஒரே ஆள் என்று எழுதினால் இடையில் ஒரு தலைமுறையே தொலைந்துபோகும். வாங்கிய ஆண்டிலிருந்து விற்ற ஆண்டு வரை எண்ணி, மனிதனுக்கு அவ்வளவு ஆயுள் பொருந்துமா என்று பாருங்கள்.

வரைபடம் எழுதியது:

1889 பிரகடன உறுதியைப் பற்றி: பத்தாண்டு ஆட்சியால் உரித்து என்று எழுதினால் அதற்கு முந்திய சங்கிலியைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அது அடைத்துவிட்டது. சுற்றிப் போக நாலு வழி.

முதலாவது, பிரிவிடல் வழக்கு. தோம்பில் "வழக்கு நிலுவை அறிவித்தல்" என்று ஒரு வரி இருந்தால் அதில் மாவட்ட நீதிமன்ற வழக்கு இலக்கம் இருக்கும். பிரிவிடல் வழக்கின் முறைப்பாட்டோடு வம்சாவளி கொடுக்க வேண்டும், முதல் சொந்தக்காரனிலிருந்து இன்றைய பங்காளி வரை. மூன்று நாலு தலைமுறை ஒரே தாளில் கிடைக்கும் இடம் இதுதான். ஆனால் வழக்காடுபவர் தனக்கு வாய்ப்பாக எழுதியது அது. எதிராளிகளின் வம்சாவளியையும் சாட்சியத்தையும் தீர்ப்பையும் சேர்த்தே பிரதி எடுங்கள். சீதனம் வாங்கிய பெண்களையும் பிள்ளையில்லாமல் இறந்தவர்களையும் விட்டுவிடுவது வழமை. பங்கில் இல்லாதவர் வழக்குக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தேவை.

இரண்டாவது, இறந்தவரின் சொத்து நிர்வாக வழக்கு. காணி கூடியவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். கிடைத்தால் இறந்த திகதி, மனைவி, பிள்ளைகள், வயது, காணிப் பட்டியல் எல்லாம் இருக்கும்.

மூன்றாவது, தரிசு நிலச் சட்டம், 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியது என்று ஊகித்தது. காடு வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்துவந்த வன்னிச் சனம் அதனால்தான் உரிமை கேட்டு நிற்க வேண்டிவந்தது. 1897க்குப் பின்னர், கிராமத்தின் பெயரையும் நிலத்துண்டையும் சொல்லி உரிமைகோருவோரை அழைத்து அரச வர்த்தமானியில் அறிவித்தல் வந்தது. தீர்வுக் கட்டளையில் யாருக்கு எந்தத் துண்டு என்று பெயரோடு இருக்கும். 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயச் சட்டத்தின் கீழும் அப்படியே. கிராமப் பெயரை வைத்து வர்த்தமானியைப் புரட்டுங்கள். தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே பென்சிலும் வெறுந்தாளும் கொண்டு போங்கள், பேனாவால் எழுத விடமாட்டார்கள்.

நாலாவது, வரைபடம். முடியிடம் ஏலத்தில் வாங்கிய காணிக்கு உரித்து வரைபடம் இருக்கும், நில அளவைத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்கலாம். இறுதிக் கிராம வரைபடம் உள்ள ஊர் என்றால் அதனோடு வரும் துண்டுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். படத்தில் எண் மட்டும், பெயரும் ஏக்கர், றூட், பேர்ச் அளவும் பட்டியலில்தான். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர்.

வயல் என்பதால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 1892 முடிவோடு ஒழிந்த தானிய வரிக்காகக் கச்சேரி வயல் வயலாகக் கணக்கு வைத்தது. கச்சேரிக் கோவைகளில் அந்தக் குளத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைத்தால் உங்கள் 1889க்குச் சரியாக முன்னே போய் நிற்கும். கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணி இடாப்பு மிகப் பிந்தியது, ஆனால் வயலின் பழைய பெயரையும் வாய்க்கால் வரிசையையும் உறுதிப்படுத்த அது போதும்.

குடிசன மதிப்பீடு 1871இலிருந்து இருக்கிறது, அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். அச்சில் உள்ளது எண்ணிக்கைதான், ஆள் பெயர் இல்லை.

செட்டிகுளம் வாசகி எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். எங்கள் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாவுக்கு வந்த மலையகத்தார். கையில் அனுமதிப்பத்திரக் காணிதான். எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வழி?

மருதோடை எழுதியது:

தங்கச்சி, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்ட அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் முதல் அனுமதிக்காரரும் பின்னுரித்தாளியும் இருப்பார்கள். அதற்கு மேலே அந்த நிலத்தில் உங்கள் தடம் இல்லை, அதில் மினக்கெடாதீர்கள்.

உங்களுக்குத் தேவை 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் போட்ட விண்ணப்பம். அதன் கோவையில் குடும்பத்தவரும் இருந்த தோட்டங்களும் வரிசையாக வரும். விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தாலும் கோவையைத் தேடுங்கள், மறுத்ததில் விசாரணைக் குறிப்பு கூட இருக்கும். வீட்டில் பழைய இந்தியக் கடவுச்சீட்டு யாரிடமாவது கிடக்கிறதா என்றும் கேளுங்கள், ஊர்ப் பெயர் அதிலிருந்து வரலாம். தோட்டத்துப் பிறப்பு, இறப்புகளை அந்த மலைநாட்டு மாவட்டப் பதிவாளரிடமும் பதிவாளர் நாயகம் திணைக்களத்திலும் தேடுங்கள். வவுனியாவில் கேட்டுப் பலனில்லை. ஊரும் தாலுகாவும் தெரிந்த பிறகுதான் தமிழ்நாட்டு நிலவரித் திட்டப் பதிவேட்டைப் பார்க்க முடியும். நிலமில்லாமல் வந்தவர்கள் பலர் என்பதால் அங்கே பெயர் இல்லாவிட்டால் ஊர் பிழை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பழைய உறுதி எழுதியது:

கணுக்கேணித் தம்பிக்கு ஒன்று விட்டுவிட்டேன். பதிவகத்தில் தொகுதி சிதைந்துவிட்டது என்று சொன்னால், 1945ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மீளமைத்த போலியோ இருக்கிறதா என்று கேளுங்கள். மீளமைத்தது சனம் கொண்டுவந்து காட்டிய உறுதிகளிலிருந்து எழுதப்பட்டது. காட்டாதவை அதில் இராது, ஆகவே பங்குக் கூட்டல் ஒன்றுக்குக் குறைவாக வரும். அப்போது இரட்டைப் பிரதிப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.

வாய்மொழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் போடுங்கள். "என் முன்னோர் பற்றிய ஆவணங்கள்" என்று எழுதினால் இல்லை என்றுதான் பதில் வரும். காணிப் பெயர், குளம், பற்று, உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர், தொகுதி, போலியோ என்று ஒவ்வொன்றையும் எழுதி, ஒரு விண்ணப்பத்தில் ஒரு காணியை மட்டும் கேளுங்கள்.